நல்ல ஸ்பீக்கருக்கு எந்த ஆம்ப்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் பாட்டுக் கேட்க விலை உயர்ந்த ஸ்பீக்கர் வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தனியாக ஆம்ப்ளிஃபையர் தேவைப்படும் ஸ்பீக்கர்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு. உள்ளேயே ஆம்ப் பொருத்தி வரும் ஆக்டிவ் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது.

ஆம்ப் முதலில் வாங்குவதா, ஸ்பீக்கர் முதலில் வாங்குவதா?

ஸ்பீக்கர்தான் முதலில். காதுக்குத் தெரியும் வித்தியாசத்தில் பெரும்பங்கு ஸ்பீக்கரிலும் அது நிற்கும் அறையிலும் இருக்கிறது. ஒழுங்காக வடிவமைத்த ஆம்ப், 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை அரை டெசிபல்கூடப் பிசகாமல் போகும். மிக நல்ல ஸ்பீக்கரே அதே தூரத்துக்குள் இரண்டு மூன்று டெசிபல் ஏறி இறங்கும். அதை அறைக்குள் கொண்டுவந்து வைத்தால் பேஸ் பகுதியில் 10 டெசிபல் மேடு பள்ளம் சர்வசாதாரணம். அதனால் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அது என்ன கேட்கிறது என்று படித்து, அதைக் கொடுக்கக்கூடிய ஆம்பைத் தேடுவதே சரியான வரிசை.

ஸ்பீக்கரின் விவரத்தாளில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

சென்சிடிவிட்டி. ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் சத்தம் வருகிறது என்பதுதான் அந்த எண். பெரும்பாலான வீட்டு ஸ்பீக்கர்கள் 84 முதல் 91 வரை இருக்கும்.

எல்லைகள் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று பாருங்கள். பிபிசி தன் ஒலிபரப்புப் பணிக்காக 1970களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற குட்டி ஸ்பீக்கர் 82, 83 டெசிபல் அளவில்தான் நிற்கிறது. 1946லிருந்து வரும் கிளிப்ஷ்ஹார்ன் என்ற மூலையில் வைக்கும் ராட்சத ஸ்பீக்கருக்கு அதன் நிறுவனம் சொல்லும் எண் 105. இடையில் உள்ள 22 டெசிபல், சக்திக் கணக்கில் ஏறத்தாழ 150 மடங்கு. ஒன்று 1 வாட்டில் போடும் சத்தத்துக்கு இன்னொன்று 150 வாட் கேட்கும். இரண்டுக்கும் ஒரே ஆம்பைப் பரிந்துரைப்பவரை நம்ப வேண்டாம்.

இந்த எண்ணில் ஒரு கண்ணி இருக்கிறது. 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்றால் 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கரில் அதே 2.83 வோல்ட் 2 வாட் ஆகிவிடும். ஆக, 4 ஓம் ஸ்பீக்கருக்கு 90 டெசிபல் என்று போட்டிருந்தால், ஒரு வாட்டுக்கு அது உண்மையில் 87தான். மேசைமேல் இரண்டு விவரத்தாள்களை வைத்து ஒப்பிடும்போது இதைக் கழித்துக்கொள்ளுங்கள். நிறுவனங்கள் சொல்லும் எண் கொஞ்சம் தாராளமாக இருப்பதும் வழக்கம். சுயேச்சையாக அளந்து வெளியிட்ட எண் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

8 ஓம் என்று போட்டிருக்கிறதே, அது போதாதா?

போதாது. ஆம்ப் தேர்வில் முக்கால்வாசி விஷயம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப் அனுப்பும் மின்சாரத்துக்கு அது காட்டும் தடை, நிலையான ஒன்று கிடையாது. அலைவரிசைக்கு அலைவரிசை மாறிக்கொண்டே இருக்கும். பேஸ் ஒலியைத் தரும் வூஃபரின் இயல்பான அதிர்வு எண்ணில் 20, 30 ஓம் வரை எகிறும். அதற்குச் சற்று மேலே சரசரவென்று இறங்கும். ஒலி வூஃபரிலிருந்து மேல் சுருதிகளைத் தரும் ட்வீட்டருக்குக் கைமாறும் கிராஸ்ஓவர் பகுதியில் மறுபடி ஏறும். '8 ஓம்' என்பது இந்த மலைப்பாதைக்கு நிறுவனம் வைத்த ஒரு செல்லப்பெயர், அவ்வளவுதான். சொல்லும் எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்று சர்வதேசத் தரநிர்ணயம் சொல்கிறது. அதாவது 8 ஓம் என்று போட்டால் 6.4க்குக் கீழே போகக் கூடாது. ஆனால் 8 ஓம் என்று அச்சடித்துவிட்டு 3 ஓம் வரை இறங்கும் ஸ்பீக்கர்கள் உயர் விலைப் பிரிவிலேயே உண்டு. ஆகவே, 'குறைந்தபட்ச இம்பீடன்ஸ்' எவ்வளவு, அது எந்த அலைவரிசையில் வருகிறது என்ற இரண்டையும் தேடிப் பிடியுங்கள். பள்ளம் 80 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் விழுந்தால் கவனம் தேவை. இசையின் சக்தி கொட்டிக்கிடக்கும் இடம் அது. 15,000 ஹெர்ட்ஸில் விழுந்தால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் கட்டக்கோணம் (ஃபேஸ் ஆங்கிள்). ஸ்பீக்கர் வெறும் மின்தடை இல்லை. அதில் காயில் (கம்பிச்சுருள்) இருக்கிறது, கபாசிடர் இருக்கிறது. அதனால் வோல்டேஜும் கரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதில்லை. வெளியே வோல்டேஜ் குறைவாக இருக்கும் கணத்தில் கரண்ட் அதிகமாக ஓடினால், மிச்ச வோல்டேஜ் முழுவதும் ஆம்பின் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் மேல் விழுந்து சூடாகிறது. 4 ஓமும் 45 பாகைக் கட்டக்கோணமும் ஒரே அலைவரிசையில் சேர்ந்து வந்தால், டிரான்சிஸ்டர்கள் படும் பாடு ஏறத்தாழ 1.4 ஓம் தடையை மாட்டினால் படும் பாடு. தாளில் 'சுலபமான' ஸ்பீக்கராகத் தெரிவது நிஜத்தில் ஆம்பை வாட்டி எடுப்பதற்குக் காரணம் இதுதான். தேர்ந்த அளவீடுகளில் இம்பீடன்ஸ் கோட்டோடு கட்டக்கோணக் கோட்டையும் சேர்த்தே வரைந்திருப்பார்கள். இம்பீடன்ஸ் கீழேயும் கட்டக்கோணம் பூஜ்யத்திலிருந்து வெகு தூரத்திலும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அப்படி இருந்தால், 2 ஓமில் தாக்குப்பிடிக்கும் ஆம்ப் உங்களுக்கு வேண்டும்.

1980களில் வந்த அபோஜி சிண்டிலா என்ற ரிப்பன் ஸ்பீக்கர் 1 ஓம் சுமை. அதை ஓட்ட முயன்று ஓய்ந்துபோன ஆம்ப்களைப் பற்றி ஹை-ஃபை வட்டாரத்தில் இன்னும் பேசுகிறார்கள்.

சரி, எனக்கு எத்தனை வாட் வேண்டும்?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஸ்பீக்கர் 86 டெசிபல், 8 ஓம். நீங்கள் மூன்று மீட்டர் தள்ளி உட்காருகிறீர்கள். திறந்த வெளியாக இருந்தால் அந்தத் தூரத்துக்கு 9.5 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் 6 டெசிபல் என்று வைத்துக்கொள்வது நியாயம். இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்ந்து ஒலிப்பதால் 3 டெசிபல் கூட்டுங்கள். ஆக, தலா 1 வாட்டில் உங்கள் இருக்கையில் 83 டெசிபல். வீட்டில் கேட்பதற்கு இதுவே நல்ல சத்தம். அதாவது பெரும்பாலான நேரம் நீங்கள் ஒரு வாட்டுக்குள்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

பிறகு எதற்கு நூறு வாட்? உச்சங்களுக்காக. மிருதங்கத்தில் விழும் ஓர் அடி, ஆர்கெஸ்ட்ராவின் திடீர் முழக்கம், இவை சராசரியைவிட 15, 20 டெசிபல் மேலே போகும். உச்சம் 100 டெசிபல் வேண்டும் என்றால் மேலே சொன்ன ஸ்பீக்கருக்கு 17 டெசிபல் கூடுதல், அதாவது தலா 50 வாட். 105 வேண்டும் என்றால் ஏறத்தாழ 160 வாட். அதே இருக்கையில் ஸ்பீக்கர் 95 டெசிபலாக இருந்தால் 100 டெசிபல் உச்சத்துக்கு 6, 7 வாட் போதும்.

மனதில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்: சக்தியை இரட்டித்தால் 3 டெசிபல் கூடும். சத்தம் காதுக்கு இரு மடங்காகத் தெரிய ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு சக்தி வேண்டும். 80 வாட் ஆம்பைக் கொடுத்துவிட்டு 100 வாட் ஆம்ப் வாங்கினால் கிடைப்பது 1 டெசிபல். அந்தப் பணத்தை வேறு எதற்காவது செலவழிக்கலாம்.

இரண்டு ஆம்ப்களிலும் 100 வாட் என்று இருக்கிறது. விலை மட்டும் ஏன் ஐந்து மடங்கு?

பெட்டி, பெயர், கனமான அலுமினிய முகப்பு ஆகியவற்றுக்கும் அதில் பங்கு உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மிச்சம் இருக்கும் உண்மையான காரணம், அந்த 100 வாட்டை எந்த நிலையில் அளந்தார்கள் என்பது. ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி, 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை மட்டும் கொடுத்து, 10 சதவீதச் சிதைவு வரை அனுமதித்து, 6 ஓமில் அளந்தாலும் '100 வாட்' என்று அச்சடிக்கலாம். இந்த விளையாட்டைத் தடுக்கத்தான் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1974ல் ஒரு விதி கொண்டுவந்தது. 2024ல் அதைத் திருத்தி, 8 ஓமில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 1 சதவீதத்துக்கும் குறைந்த சிதைவில் அளந்த எண்ணைச் சொல்ல வேண்டும் என்று இறுக்கியது. எந்த ஊரில் வாங்கினாலும் இந்த அளவுகோலையே கேளுங்கள்.

அடுத்தது கரண்ட். 8 ஓமில் 100 வாட் என்றால் 28.3 வோல்ட், 3.5 ஆம்பியர். ஸ்பீக்கர் 4 ஓமுக்கு இறங்கும்போது அதே வோல்டேஜைத் தக்கவைக்க 7 ஆம்பியர் வேண்டும், அது 200 வாட். 2 ஓமில் 14 ஆம்பியர், 400 வாட். 'பாதி ஓம், இரட்டை வாட்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வது இதைத்தான். பெரிய டிரான்ஸ்ஃபார்மர், பெரிய கபாசிடர், நிறைய அவுட்புட் டிரான்சிஸ்டர்கள், அவற்றைக் குளிர்விக்க உலோகம் என்று எல்லாமே அதற்குத் தேவை. காசு போகும் இடம் அது.

ஆனால் இதையும் மிகைப்படுத்தக் கூடாது. 8 ஓமில் 100, 4 ஓமில் 130 வாட் மட்டுமே தரும் ஆம்ப், 4 ஓமில் இழப்பது உச்சத்தில் 2 டெசிபல்தான். குறைந்த சத்தத்தில் கேட்பவருக்கு அது தெரியவே தெரியாது. பிரச்சினை, அந்த ஆம்ப் 4 ஓமில் சூடேறிப் பாதுகாப்புச் சுற்றை இயக்கி அணைந்துவிடுகிறதா என்பதில்தான். விவரத்தாளில் 4 ஓம் எண்ணே இல்லாவிட்டால் அந்த மௌனமே பதில்.

அதிக வாட் ஆம்ப் ஸ்பீக்கரை எரித்துவிடாதா?

வால்யூம் கைப்பிடி உங்கள் கையில் இருக்கும்வரை எரிக்காது. 300 வாட் ஆம்ப் எப்போதும் 300 வாட்டைத் தள்ளிக்கொண்டிருப்பதில்லை. ஸ்பீக்கர் எடுத்துக்கொள்வதை மட்டும் தருகிறது.

சின்ன ஆம்பை அதன் எல்லைக்கு மேல் முறுக்குவதுதான் பெரும்பாலான வீடுகளில் ட்வீட்டரைக் கொல்கிறது. அலையின் தலை வெட்டுப்படும் அந்த நிலையைக் கிளிப்பிங் என்பார்கள். முழுதாக வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிட்ட அலையில், அதே உயரமுள்ள வழவழப்பான அலையைவிட இரண்டு மடங்கு சக்தி இருக்கும். உச்சங்கள் நசுங்கிச் சராசரி மேலே ஏறிவிடுவதால், சில வாட்டுக்கு மட்டுமே வடிவமைத்த ட்வீட்டர் காயில் தாங்காது. ஆக, கொஞ்சம் கூடுதலான ஆம்ப்தான் பாதுகாப்பு. விருந்து முடியும் நேரத்தில் யாரோ ஒருவர் வால்யூமைக் கடைசிவரை திருப்பும் வீடாக இருந்தால் மட்டும் இந்தப் பதிலை மறந்துவிடுங்கள்.

டேம்பிங் ஃபேக்டர் 500 இருந்தால் பேஸ் இறுக்கமாக வருமா?

டேம்பிங் ஃபேக்டர் என்பது 8 ஓமை ஆம்பின் சொந்த அவுட்புட் தடையால் வகுத்த எண். 50க்கும் 500க்கும் நடுவில் காதுக்கு எட்டும் வித்தியாசம் ஏறத்தாழ இல்லை. ஆம்பின் அவுட்புட் தடையோடு கேபிளின் தடையும், வூஃபர் காயிலின் சொந்தத் தடையான 5, 6 ஓமும் தொடராகச் சேர்ந்துவிடுகின்றன. அந்த 6 ஓமுக்கு முன்னால் 0.016ஆ, 0.16ஆ என்று பார்த்து என்ன ஆகப்போகிறது? கவனிக்க வேண்டியது 20க்குக் கீழே போகும்போது. அது அடுத்த கேள்வி.

வால்வு ஆம்ப் மேல் ஆசை. என் ஸ்பீக்கருக்குச் சரிவருமா?

ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் டிரான்சிஸ்டருக்குப் பதிலாக வெற்றிடக் குழாய்களை வைத்து ஓடும் வால்வு ஆம்ப் விஷயத்தில் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் கோடு உங்கள் ஒலியையே மாற்றும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

வால்வு ஆம்ப்களின் அவுட்புட் தடை பெரும்பாலும் 1 ஓமை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். ஃபீட்பேக் (வெளியீட்டின் ஒரு பங்கை உள்ளே திருப்பிக் கொடுத்துப் பிழையைத் திருத்தும் ஏற்பாடு) இல்லாத சிங்கிள் எண்டட் ஆம்ப்களில், அதாவது முழு அலையையும் ஒரே வால்வு கையாளும் வகையில், 2, 3 ஓம்கூட உண்டு. 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பீக்கர் ஒரு இடத்தில் 4 ஓம், இன்னோர் இடத்தில் 20 ஓம். முதல் இடத்தில் 3.5 டெசிபல் இழப்பு, இரண்டாவது இடத்தில் 0.8 மட்டும். ஆக, ஸ்பீக்கரை வடிவமைத்தவர் நினைத்தே பார்க்காத 2.7 டெசிபல் மேடு ஒன்று முளைக்கிறது. அது குரல் பகுதியில் வந்து உங்களுக்குப் பிடித்துப்போனால் 'வால்வின் மாயம்' என்பீர்கள். மேல்பேஸில் வந்தால் 'கொழகொழ' என்பீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

ஆகையால் வால்வுக்கு ஏற்ற ஸ்பீக்கரின் அடையாளம்: இம்பீடன்ஸ் கோடு முடிந்தவரை சமமாக இருக்க வேண்டும், 6 ஓமுக்குக் கீழே அதிகம் இறங்கக் கூடாது, சென்சிடிவிட்டி தாராளமாக இருக்க வேண்டும். 1938ல் வந்து இன்றும் கொண்டாடப்படும் 300பி வால்வு, சிங்கிள் எண்டடில் ஏறத்தாழ 8 வாட்தான் தரும். அதற்கு 95 டெசிபலுக்கு மேற்பட்ட ஸ்பீக்கர் தேடுங்கள். இஎல்34 வால்வு ஜோடி போட்டு, அலையின் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் இரண்டும் மாறி மாறித் தள்ளும் புஷ்-புல் ஆம்ப் 35, 40 வாட் வரை தரும். சாதாரண அறையில் 88, 89 டெசிபல் ஸ்பீக்கரோடு நன்றாகவே வாழலாம். பின்னால் 4 ஓம், 8 ஓம் என்று தனித்தனி முனைகள் இருக்கும். ஸ்பீக்கரின் பெயர் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல் இரண்டிலும் மாட்டிக் கேளுங்கள். 4 ஓம் முனையில் அவுட்புட் தடை குறைவு என்பதால் பல '8 ஓம்' ஸ்பீக்கர்கள் அதில்தான் ஒழுங்காக நடந்துகொள்கின்றன. ஸ்பீக்கரை மாட்டாமல் வால்வு ஆம்பை மட்டும் ஓட்டாதீர்கள், டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

கிளாஸ் ஏ, ஏபி, டி: எது உசத்தி?

எழுத்தை வைத்து ஆம்ப் வாங்க வேண்டாம். இருந்தாலும் நடைமுறை வித்தியாசங்கள் உண்டு.

கிளாஸ் ஏ எப்போதும் முழுக் கரண்டை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும். கோட்பாட்டளவிலேயே அதன் திறன் 50 சதவீதத்தைத் தாண்டாது; ஆக இரு சேனலுக்கும் தலா 30 வாட் தரும் ஆம்ப், பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் குறைந்தது 120 வாட்டை விழுங்கும், நிஜத்தில் இன்னும் அதிகம். வெயில் காலத்தில் அறையே சொல்லும். இன்னொன்று, 8 ஓமில் 30 வாட் வரை கிளாஸ் ஏயில் இருக்கும் புஷ்-புல் ஆம்ப், 4 ஓமில் 15 வாட் வரைதான் கிளாஸ் ஏ. அதற்கு மேல் ஏபிக்குத் தாவிவிடும். கடினமான ஸ்பீக்கருக்குக் கிளாஸ் ஏ வாங்குபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஏபி, குறைந்த சத்தத்தில் மட்டும் கிளாஸ் ஏ போல ஓடும் முறை. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நன்றாகச் செய்தால் நன்றாக இருக்கும்.

டி என்றால் டிஜிட்டல் இல்லை. ஏ, பி, சிக்கு அடுத்த எழுத்து, அவ்வளவுதான். டிரான்சிஸ்டர்களை ஸ்விட்ச் மாதிரி வேகமாகத் திறந்து மூடி, வெளியே ஒரு ஃபில்டரால் அலையை வழித்தெடுக்கும் முறை. திறன் 90 சதவீதத்தை ஒட்டி இருப்பதால் பெட்டி சிறிது, சூடும் குறைவு. பழைய வடிவங்களில் அந்த ஃபில்டர் ஃபீட்பேக் வளையத்துக்கு வெளியே இருந்ததால், மாட்டும் ஸ்பீக்கரைப் பொறுத்து மேல் சுருதிகளின் அளவு மாறும். 'கிளாஸ் டி என்றால் கரகரப்பு' என்ற பெயர் ஒட்டிக்கொண்டதில் அதற்குப் பங்கு உண்டு. ஹைப்பெக்ஸ் நிறுவனத்தின் என்கோர், 2019ல் வந்த ப்யூரிஃபையின் ஐகன்டாக்ட் போன்றவை ஃபில்டரையும் வளையத்துக்குள் கொண்டுவந்து அந்தக் குறையைத் தீர்த்துவிட்டன. சிதைவு அளவில் பல மடங்கு விலையுள்ள ஏபி ஆம்ப்களைத் தாண்டி நிற்கின்றன. 86 டெசிபலும் 3 ஓம் பள்ளமும் கொண்ட ஸ்பீக்கரைக் குறைந்த செலவில் ஓட்ட இன்றைக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து.

வெளிச்சமாக ஒலிக்கும் ஸ்பீக்கருக்கு 'வார்ம்' ஆம்ப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

இதை நம்பி ஆம்ப் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய. ஸ்பீக்கர் வெளிச்சமாக ஒலிக்கிறது என்றால் அது 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இரண்டு மூன்று டெசிபல் கூடுதலாகத் தருகிறது, அல்லது அறை வெறிச்சோடி எதிரொலிக்கிறது. சமநிலை பிசகாத ஆம்ப் எதுவும் அதைக் குறைக்காது. குறைத்தால் அந்த ஆம்ப் ஒரு டோன் கண்ட்ரோலாக வேலை செய்கிறது. நிஜமான டோன் கண்ட்ரோல் மலிவு.

1985ல் பாப் கார்வர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், விலை உயர்ந்த எந்த ஆம்பின் ஒலியையும் தன் மலிவான டிரான்சிஸ்டர் ஆம்பில் கொண்டுவருகிறேன் என்று ஸ்டீரியோஃபைல் பத்திரிகையிடம் சவால் விட்டார். அவர்கள் விலை உயர்ந்த வால்வு ஆம்ப் ஒன்றைக் கொடுத்தார்கள். இரண்டு ஆம்ப்களின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சம் ஏறத்தாழ இல்லாமல் போகும்வரை தன் ஆம்பைத் திருத்தினார்; கேட்டுப் பார்த்த பத்திரிகையாளர்களால் வேறுபடுத்திச் சொல்ல முடியவில்லை. அவர் ஒத்துப்போகச் செய்தவற்றில் முக்கியமானது அவுட்புட் தடை.

எல்லா ஆம்பும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. ஸ்பீக்கரின் சுமைக்குத் திணறும் ஆம்ப், அவுட்புட் தடை கூடிய ஆம்ப், இரைச்சல் உள்ள ஆம்ப் ஆகியவை வேறாகவே ஒலிக்கும். இவை மூன்றும் இல்லாத இரண்டு ஆம்ப்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்துக்காக ஸ்பீக்கர் விலையில் பாதியைக் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

எலக்ட்ரோஸ்டாட்டிக், பேனல் ஸ்பீக்கர்களுக்குத் தனி விதியா?

ஆமாம், அதுவும் ஒன்றுக்கொன்று நேரெதிர். மின்னேற்றிய மெல்லிய படலத்தை அதிரவைத்து ஒலி எழுப்பும் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் மின்கணக்கில் ஒரு பெரிய கபாசிடர். அலைவரிசை ஏற ஏற இம்பீடன்ஸ் இறங்கி, சில வடிவங்களில் 20,000 ஹெர்ட்ஸில் 1 ஓமுக்கும் கீழே போய்விடும். அங்கே இசையின் சக்தி குறைவு என்பதால் பிழைத்துக்கொள்ளலாம், ஆனால் கபாசிடர் சுமையில் நிலைகுலையாத ஆம்ப் வேண்டும். 1957ல் வந்த முதல் குவாட் எலக்ட்ரோஸ்டாட்டிக்குக்கு இன்றைய 200 வாட் ஆம்பை மாட்டினால் உள்ளே பொறி பறக்கும் அபாயம் உண்டு. அதற்குச் சிறிய ஆம்ப்தான் தோழன்.

மேக்னபேன் வகைப் பேனல்கள் 4 ஓம், சென்சிடிவிட்டியும் குறைவு, ஆனால் இம்பீடன்ஸ் ஏறத்தாழ நேர்கோடு. ஆம்புக்குத் தொல்லை தராமல் வாட்டை மட்டும் நிறையக் குடிக்கும்.

பாட்டு ஓடாதபோது ஸ்பீக்கரில் 'உஸ்' என்று வருகிறது. ஆம்ப் கெட்டுப்போயிற்றா?

பெரும்பாலும் இல்லை, கெயின், அதாவது உள்ளே வரும் வோல்டேஜை ஆம்ப் எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது, அதிகம். டிஜிட்டல் இசையை மின்னலையாக மாற்றும் டிஏசி 2 வோல்ட் தருகிறது, ஆம்பின் கெயின் 26 டெசிபல், அதாவது 20 மடங்கு என்றால் 40 வோல்ட். 8 ஓமில் 200 வாட். இதற்கு முன்னால் 10, 15 டெசிபல் கெயின் உள்ள ப்ரீஆம்பையும் வைத்தால் தேவையில்லாத பெருக்கம்தான். 105 டெசிபல் ஸ்பீக்கரில் ஆம்பின் 1 மில்லிவோல்ட் ஹம்கூட ஒரு மீட்டரில் 36 டெசிபலாகக் கேட்கும். 85 டெசிபல் ஸ்பீக்கரில் அதுவே 16 டெசிபல், காதில் விழாது. சென்சிடிவிட்டி கூடிய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் வாட்டைவிட இரைச்சல் அளவையே முதலில் பார்க்க வேண்டும். கெயினைக் குறைக்கும் ஸ்விட்ச் இருந்தால் குறையுங்கள்.

சொல்லப்போனால், வால்யூம் கைப்பிடி கால்வாசி திரும்பியதுமே வீடு அதிர்ந்தால் ஆம்ப் பலசாலி என்று நினைப்பதும் இதே குழப்பம்தான். அது கெயின், சக்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒரே பெட்டியா, மோனோபிளாக்கா? பிரிட்ஜ் செய்யலாமா? பை-ஆம்ப்?

நல்ல ஒரே பெட்டி இன்டகிரேட்டட் ஆம்ப் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு தனி ஆம்ப் பெட்டி என்பதுதான் மோனோபிளாக். அதன் நிஜமான பயன், ஆம்பை ஸ்பீக்கர் பக்கத்திலேயே வைத்து ஸ்பீக்கர் கேபிளைச் சுருக்கலாம் என்பது.

பிரிட்ஜ் என்றால் ஆம்பின் இரண்டு சேனல்களையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டுவது. அப்போது ஒவ்வொரு பாதிக்கும் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் பாதியாகத் தெரியும். 4 ஓம் ஸ்பீக்கர் 2 ஓம் ஆகிவிடும். கடினமான ஸ்பீக்கருக்குச் சக்தி போதவில்லை என்று பிரிட்ஜ் செய்வது நோயைப் பெருக்குவது. பிரிட்ஜ் முறையில் ஓடும் ஆம்ப்களின் கறுப்பு முனை தரையோடு இணைந்ததும் இல்லை. சப்வூஃபரையோ ஸ்பீக்கர் மாற்றும் பெட்டியையோ அதில் மாட்டுமுன் கையேட்டைப் படியுங்கள்.

ஒரே மாதிரி இரண்டு ஆம்பை வைத்து, வூஃபருக்கு ஒன்று, ட்வீட்டருக்கு ஒன்று என்று பை-ஆம்ப் செய்வதில் லாபம் சொற்பம். அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஆம்ப்.

அறைத் திருத்தமும் சப்வூஃபரும் இந்தக் கணக்கை மாற்றுமா?

நிறையவே மாற்றும். அறையால் வரும் மேடு பள்ளங்களைச் சமன்செய்யும் அறைத் திருத்த மென்பொருள் 40 ஹெர்ட்ஸில் 6 டெசிபல் கூட்டினால், அந்த இடத்தில் ஆம்ப் நான்கு மடங்கு சக்தி தர வேண்டும். பள்ளத்தை நிரப்புவதற்குப் பதிலாக மேட்டைக் குறைக்கச் சொல்லுங்கள்.

சப்வூஃபர் நேரெதிர். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டி அதனிடம் ஒப்படைத்துவிட்டால், முக்கிய ஆம்புக்குப் பாரம் வெகுவாகக் குறையும். ஆனால் நிஜமாகவே வடிகட்ட வேண்டும். சப்வூஃபரைச் சும்மா கூடவே ஓடவிட்டால் ஆம்புக்கு எந்த நிவாரணமும் இல்லை.

பழைய ஆம்ப் வாங்கலாமா?

தாராளமாக. 20 வயதைத் தாண்டியதென்றால் மின்பகு கபாசிடர்களை மாற்றும் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். ஒரு மல்டிமீட்டர் கொண்டுபோய், பாட்டு ஓடாதபோது ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்டேஜ் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் பயமில்லை. அரை வோல்ட் காட்டினால் உங்கள் ஸ்பீக்கர் அருகில் அதைக் கொண்டுபோக வேண்டாம்.

கேபிள்?

2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. மூன்று மீட்டர் நீளத்துக்குப் போய்வரும் தடை 0.04 ஓம்தான். ஸ்பீக்கர் 2, 3 ஓமுக்கு இறங்கினாலோ தூரம் அதிகம் என்றாலோ 4 சதுர மில்லிமீட்டர்.

இரண்டு ஆம்ப்களை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒப்பிட அனுமதி கிடைத்தால் எப்படி ஒப்பிடுவது?

சத்தத்தை முதலில் சமமாக்குங்கள். அரை டெசிபல் கூடுதலாக ஓடும் ஆம்ப், சத்தம் கூடியதாகத் தெரியாமல், 'தெளிவாக', 'உயிரோட்டமாக' ஒலிப்பதாகத் தெரியும். கடைகளில் நடக்கும் பாதி ஒப்பீடுகள் இதிலேயே முடிந்துவிடுகின்றன. 1,000 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட்மீட்டர் வைத்து, இரண்டு ஆம்ப்களிலும் அளவு ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போகும்படி வால்யூமை நிறுத்துங்கள். அது 0.1 டெசிபலுக்குள் வரும். எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி வேறொருவரை மாற்றச் சொல்லுங்கள். மாற்றும்போது இரண்டு ஆம்பும் அணைந்திருக்கட்டும்.

அப்புறம், நீங்கள் வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் ஒரு முறை, எப்போதாவது வைக்கும் அதிகபட்சச் சத்தத்தில் ஒரு முறை கேளுங்கள். முதலாவதில் வித்தியாசம் தெரியாமல், இரண்டாவதில் ஒன்று மட்டும் கடுமையாகிக் குரல் நெரிந்தால் அதற்குச் சக்தியோ கரண்டோ போதவில்லை. இரண்டிலும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் விலை குறைந்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.